குதிரை பயிற்றிய அம்மையார்

மைசூர் நகரின் வடமேற்கே ஹெப்பாள். தென்கிழக்கே சாமுண்டி மலை. அந்த மலையின் அடிவாரத்திலே பசும்புல் போர்த்துக் கிடக்கிறது குதிரைப் பந்தயத் திடல். பந்தய நாட்களில் அங்கு விற்கும் சிறு புத்தகத்தைப் புரட்டினால், ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் மூன்று மனிதரின் பெயர்களைக் காணலாம். ஒன்று, குதிரைக்கு உடையவர் பெயர். மற்றொன்று, அதன் மீது ஏறிச் செல்லும் ஜாக்கியின் பெயர். மூன்றாவது, பயிற்சியாளரின் பெயர். இந்த மூன்றாவது பெயரைப் பற்றியதே இக்கட்டுரை.

இங்கிலாந்து நாட்டிலே, பந்தயக் கலை பிறந்து வளர்ந்த அந்த நாட்டிலே, 1966ஆம் ஆண்டு வரை ஒரு பெண்ணின் பெயர் அந்த மூன்றாவது இடத்தில் அச்சேற இயலாதிருந்தது. பெண் குதிரை வாங்கலாம், குதிரை வளர்க்கலாம், லாயத்திலே நின்று இரவும் பகலும் உழைக்கலாம். ஆனால் பயிற்றியவர் என்று அவள் பெயரைப் போட மாட்டார்கள். இந்த விந்தையான வழக்கத்தை எதிர்த்து நின்று, எழுபது வயதைக் கடந்த பின் நீதிமன்றத்தின் படியேறி வென்றவர் பிளாரன்ஸ் நேகிள் அம்மையார்.

குதிரைப் பந்தயம் என்றவுடன் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. சூதினால் குடிகெட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சுளிப்பில் நியாயமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டமே இயற்றியதும், பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையின் விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புக் கூறியதும் பலரும் அறிந்தவை. பணம் கட்டுபவரின் கதை வேறு. உழைப்பவரின் கதை வேறு. நாம் காணப் போவது உழைத்தவரின் கதை.

பயிற்சியாளரின் உழைப்பு எத்தகையது? பொழுது புலருமுன் அவர் லாயத்திற்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு குதிரையின் காலையும் தடவி, சூடு கண்டிருக்கிறதா, வீக்கம் தோன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் இரவு வைத்த தீனியில் மிச்சம் வைத்த குதிரை எது, ஏன் வைத்தது என்று ஆராய வேண்டும். இன்று விரைந்து ஓட்ட வேண்டியது எது, நடக்க மட்டும் விட வேண்டியது எது, 6 பர்லாங்கு தூரத்தில் சிறப்பது எது, 12 பர்லாங்கு தாங்குவது எது என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரையைச் சேர்ப்பது, எப்படி ஓட்டுமாறு ஜாக்கியிடம் சொல்வது என்பதும் அவர் பொறுப்பே. வாய் பேசாத உயிர் ஒன்றின் மனத்தையும் உடலையும் படித்தறியும் கலை அது. அக்கலைக்கு வேண்டுவன பொறுமை, கூர்ந்த பார்வை, இரக்கத்தோடு கூடிய கண்டிப்பு ஆகியவையே. இவற்றில் எது ஆடவருக்கு மட்டும் உரியது?

பிளாரன்ஸ் 1894ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் புறத்தே பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் வாட்சன், மேப்போல் என்ற பெயரால் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கடைகளை நடத்தி, வெண்ணெயும் தேயிலையும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். பின்னாளில் சர் பட்டமும் பெற்றார். குடும்பம் பெர்க்ஷயர் மாவட்டத்திலுள்ள சல்ஹாம்ஸ்டெட் என்னும் ஊரின் மாளிகையில் குடியேறியது. செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு அக்காலத்தில் வகுக்கப்பட்டிருந்த வாழ்க்கை நாம் அறியாததன்று. கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் இசை, தக்க இடத்தில் திருமணம், அவ்வளவே. ஆனால் பிளாரன்ஸின் உள்ளம் வரவேற்பறையில் தங்கவில்லை. நாய்களிடமும் குதிரைகளிடமும் ஓடியது.

1913ஆம் ஆண்டில் அவர் தம் முதல் அயர்லாந்து ஓநாய் வேட்டை நாயைப் பெற்றார். நாயினங்களிலே மிக உயரமானது அது. அன்று தொடங்கிய நாய் வளர்ப்பு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. சல்ஹாம்ஸ்டெட் என்ற தம் ஊரின் பெயரையே தம் நாய்களுக்கு முன்னடையாகச் சூட்டினார். பின்னாளில், 1960இல், லண்டனில் நடந்த புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், அனைத்து நாய்களிலும் சிறந்தது என்ற பரிசைச் சல்ஹாம்ஸ்டெட் மெர்மன் என்ற அவருடைய நாய் பெற்றது.

அதே 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பந்தய வரலாற்றிலும் பெண்களின் வரலாற்றிலும் மறக்க முடியாத ஆண்டு. எப்சம் திடலில் நடந்த டெர்பிப் பந்தயத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன், ஓடும் குதிரைகளின் நடுவே பாய்ந்தார். மன்னரின் குதிரை மோதி வீழ்ந்தவர் நான்கு நாட்களில் உயிர் நீத்தார். பிளாரன்ஸுக்கு அப்போது வயது 18. ஒரு பெண் தன் உயிரைக் கொடுத்து உரிமை கேட்ட அதே பந்தயத்தில், இன்னொரு பெண் தன் திறமையைக் காட்டி உரிமை கேட்கும் நாள் ஒன்று வரவிருந்தது.

1916இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜேம்ஸ் நேகிள் என்பவரை மணந்தார். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரு மக்கள் பிறந்தனர். மணவாழ்க்கை நீடிக்கவில்லை, 1928இல் மணமுறிவு ஏற்பட்டது. அக்காலத்தில் மணமுறிவு பெற்ற பெண்ணை அந்நாட்டு உயர்குடிச் சமூகமும் ஏற இறங்கப் பார்த்தது. ஆனால் அம்மையாருக்குத் தொழில் ஒன்று இருந்தது. 1920ஆம் ஆண்டு முதலே அவர் பந்தயக் குதிரைகளைப் பயிற்றத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் சசெக்ஸ் மாவட்டத்தில் பெட்வொர்த் என்ற ஊருக்கு அருகே வெஸ்டர்லாண்ட்ஸ் என்னும் பண்ணையில் குதிரைகளைப் பெருக்குவதும் பயிற்றுவதுமாக வாழ்ந்தார்.

இனி, தடை எங்கே இருந்தது என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் சமதளப் பந்தயங்கள் யாவும் ஜாக்கி கிளப் என்ற அமைப்பின் ஆட்சியில் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சில கனவான்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம் அது. அரசாங்கம் ஏற்படுத்திய மன்றமன்று. பாராளுமன்றம் தந்த அதிகாரமன்று. ஆயினும் அச்சங்கத்தின் லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளரின் குதிரை மட்டுமே பந்தயத்தில் ஓடலாம். லைசென்ஸ் இல்லையென்றால் தொழிலே இல்லை. பெண்களுக்கு லைசென்ஸ் இல்லை என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. எழுதப்படாத வழக்கம் அது. எழுதிய விதியை எடுத்துக் காட்டி வாதாடலாம்; எழுதாத வழக்கத்தை எங்கே பிடிப்பது?

வழக்கத்திற்கு ஒரு கள்ள வழியும் இருந்தது. பெண் ஒருத்தி பயிற்றலாம். ஆனால் லைசென்ஸை அவளிடம் கூலி வாங்கும் தலைமை லாயக்காரரின் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஜாக்கி கிளப்புக்குத் தெரியாமல் நடந்ததன்று. நன்றாகத் தெரிந்தே நடந்தது. அம்மையார் கட்டளையிடுவார், லாயக்காரர் செய்து முடிப்பார், குதிரை வெல்லும், பதிவேட்டில் லாயக்காரர் பெயர் ஏறும். எசமானிக்குத் தகுதியில்லை, அவரிடம் வேலை பார்ப்பவருக்குத் தகுதி உண்டு! இதைவிட வேடிக்கை வேறு உண்டோ?

இந்த நிலையில் இருந்தவர் நேகிள் அம்மையார் ஒருவரே அல்லர். நோரா வில்மட் என்ற அம்மையார், தம் தந்தை 1931இல் மறைந்தபின் அவருடைய லாயத்தை ஏற்று நடத்தி வந்தார். ஹெலன் ஜான்சன் ஹௌட்டன் என்பவர் 1952இல் கணவரை இழந்தவர். கணவரின் லாயத்தைத் தாமே நடத்தினார். 1956இல் அவருடைய லாயத்துக் குதிரையான ஜில் டி ரெட்ஸ், இங்கிலாந்தின் தலைசிறந்த பந்தயங்களுள் ஒன்றான இரண்டாயிரம் கினி பந்தயத்தை வென்றது. பயிற்றியவர் என்று பதிவேடு சொன்ன பெயரோ அவருடைய உதவியாளரின் பெயர். கடல் கடந்தும் இதே கதைதான். நியூசிலாந்தைச் சேர்ந்த மக்டொனால்டு அம்மையார் பயிற்றிய கேட்டலாக் என்ற குதிரை 1938இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையை வென்றது. அந்த மாநிலத்தில் பெண்ணுக்கு லைசென்ஸ் இல்லையாதலால், பயிற்சியாளர் என்ற பெயர் அவர் கணவருக்குப் போயிற்று.

1937ஆம் ஆண்டின் டெர்பிப் பந்தயத்தை இங்கே நினைவுகூர வேண்டும். டெர்பி என்பது மூன்று வயதுக் குதிரைகள் ஒன்றரை மைல் ஓடும் பந்தயம். 1780இல் எப்சத்தில் தொடங்கியது. மைசூர் டெர்பி முதலாக உலகெங்கும் நடக்கும் டெர்பிகள் எல்லாம் அதன் பெயரைக் கொண்டவையே. அந்த ஆண்டு அம்மையார் தமக்குச் சொந்தமான சாண்ட்ஸ்பிரைட் என்ற குதிரையைப் பயிற்றி அனுப்பினார். அதன் மீது நம்பிக்கை வைத்தவர் மிகச் சிலர். ஒன்றுக்கு நூறு தருவதாகப் பந்தயக்காரர்கள் கூவினர். ஆனால் அந்தக் குதிரை மற்றக் குதிரைகளை யெல்லாம் முந்திக்கொண்டு வந்து இரண்டாவதாக நின்றது! முதலாவதாக வந்த மிட்டே சன் என்ற குதிரைக்கு உடையவரும் ஒரு பெண்மணியே. மில்லர் என்னும் அந்த அம்மையார்தான் டெர்பி வென்ற குதிரையின் முதல் பெண் உடைமையாளர். ஆக, அன்று எப்சத்தில் முதலிடமும் இரண்டாமிடமும் பெண்களின் குதிரைகளுக்கே. உடைமையாளர் என்று இருவர் பெயரையும் உலகம் வியந்து பேசலாம். ஆனால் சாண்ட்ஸ்பிரைட்டைப் பயிற்றிய கைக்கு மட்டும் பெயரில்லை. பணம் கொடுத்து வாங்கியதற்குப் பெயர் உண்டு, பாடுபட்டு உருவாக்கியதற்குப் பெயர் இல்லை. இந்த நிலையின் முழு அநீதியும் இதிலே அடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மையார் தம் பெயரிலேயே லைசென்ஸ் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். மறுத்தார்கள். மீண்டும் கேட்டார், மீண்டும் மறுத்தார்கள். ஆண்டுகள் உருண்டன, ஏறத்தாழ இருபது ஆண்டுகள். தலைமை லாயக்காரர் பெயரில் தொழில் தடையின்றி நடந்துகொண்டிருந்தது, பணத்திற்கும் குறைவில்லை, வயதோ ஏறிக்கொண்டிருந்தது. இனி எதற்கு வீண் வம்பு என்று ஓய்ந்திருக்கலாம். அவர் ஓயவில்லை. கிடைக்காதது ஒன்றே ஒன்று, அதுவும் தம்முடையது, அதை விட்டுக் கொடுக்க அவர் மனம் இசையவில்லை. ஜாக்கி கிளப்பின் மீது வழக்குத் தொடுத்தார்.

ஜாக்கி கிளப்பின் வாதம் எளிமையானது. எங்களுக்கும் இந்த அம்மையாருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. நாங்கள் தனிப்பட்ட சங்கத்தார். எவருக்கு லைசென்ஸ் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்பது எங்கள் விருப்பம். ஆகையால் நீதிமன்றம் விசாரிக்க இதில் ஒன்றுமே இல்லை என்றது. கீழ் மன்றம் அதை ஏற்று, வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. அம்மையார் மேல்முறையீடு செய்தார்.

1966ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மேல்முறையீட்டு மன்றத்தின் நீதிபதிகள் மூவர் தீர்ப்புக் கூறினர். டென்னிங் பிரபு, டாங்க்வெர்ட்ஸ், சால்மன் என்போர் அவர்கள். நாலு பேர் கூடிச் சீட்டாடும் சங்கம் தன் விருப்பம்போல் ஆளைச் சேர்க்கலாம், தள்ளலாம். ஆனால் ஒரு தொழிலின் வாசல் முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் சங்கம் அப்படி நடக்கலாகாது. தான் அறிந்த தொழிலைச் செய்து பிழைக்கும் உரிமை மனிதருக்கு உண்டு. தக்க காரணமின்றி அவ்வாசலை அடைப்பதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்காது என்பது தீர்ப்பின் சாரம். பெண் என்பதற்காக லைசென்ஸ் மறுப்பது, ஒருவருடைய தலைமயிரின் நிறத்தைச் சொல்லி மறுப்பதைப் போன்றதே என்ற கருத்தும் அதில் இடம் பெற்றது. அம்மையாருக்கு லைசென்ஸ் தரவேண்டும் என்று அத்தீர்ப்பு ஆணையிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய வழக்கில் பொருள் உண்டு, அதை முறையாக விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. ஆனால் அதுவே போதுமானதாயிற்று. விசாரணை நடந்தால் ஜாக்கி கிளப்பார் கூண்டிலேறிக் காரணம் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் காரணம் ஏது? கேட்பார் இல்லாத வரையில்தான் எழுதாத வழக்கத்துக்கு வலிமை. ஏன் என்று ஒருவர் உரக்கக் கேட்டு, பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அது தானே உதிர்ந்துவிடுகிறது.

அவ்வாறே உதிர்ந்தது. விசாரணை நடக்குமுன்பே, அந்தக் கோடையிலேயே, ஜாக்கி கிளப் இணங்கி வந்தது. நேகிள் அம்மையாருக்கும் நோரா வில்மட் அம்மையாருக்கும் லைசென்ஸ் வழங்கப்பட்டது. 1966 ஆகஸ்டு 3ஆம் நாள் பிரைட்டன் திடலில் வில்மட் அம்மையாரின் பேட் என்ற குதிரை வென்றது. அங்கே சட்டப்படி ஒரு பெண்ணின் பெயரால் பதிவான முதல் வெற்றி அதுவே. வழக்காடியவர் நேகிள்; முதல் வெற்றி கண்டவர் வில்மட். இருவருமே எழுபதைக் கடந்தவர்கள். இளமையெல்லாம் பிறர் பெயரால் உழைத்து, முதுமையில்தான் தம் பெயரைப் பெற்றனர். இந்த வெற்றியில் கலந்திருக்கும் துயரத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சாண்ட்ஸ்பிரைட்டின் ஓட்டம் மீண்டும் வரப்போவதில்லை அல்லவா?

ஒரு கதவு திறந்தது. பின்னர் மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1972இல் பெண்கள் ஏறிச் செல்லும் பந்தயத்தை ஜாக்கி கிளப் தானே நடத்தியது. 1975இல் ஆண் பெண் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் இயற்றப்பட்டது. 1977இல் ஜாக்கி கிளப்பே பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவ்வாறு முதலில் சேர்ந்த மூவரில் ஒருவர், முன்பு தம் பெயரைப் பதிவேட்டில் காண முடியாதிருந்த ஹெலன் ஜான்சன் ஹௌட்டன். 1983இல் ஜென்னி பிட்மன் என்ற பெண்மணி பயிற்றிய கார்பியர், தடை தாண்டும் பந்தயங்களிலே மிகக் கடினமான கிராண்ட் நேஷனலை வென்றது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் பயிற்சியாளர் அவரே. அப்போது நேகிள் அம்மையாருக்கு வயது 88.

வெற்றி பெற்ற பின் ஓய்வு கொண்டாரா என்றால், அதுவும் இல்லை. நாய் வளர்ப்போரின் தலைமைச் சங்கமான கென்னல் கிளப், பெண்களை முழு உறுப்பினராக ஏற்காமல் தனிக்கிளை ஒன்றில் ஒதுக்கி வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாய் வளர்த்து, உயர்ந்த பரிசுகளைப் பெற்ற ஒருவருக்கு, ஆடவர் என்ற ஒரே தகுதியால் உள்ளே போனவர்களுக்கு இருந்த இடம் இல்லை. 80 வயதைக் கடந்த அம்மையார் 1978இல் அதையும் எதிர்த்துத் தீர்ப்பாயம் சென்றார். அங்கே அவர் தோற்றார். ஆனால் வழக்கிலே வென்ற கென்னல் கிளப் மறு ஆண்டே மனம் மாறிப் பெண்களை முழு உறுப்பினராக்கியது. கேள்வி கேட்டவர் தோற்றாலும் கேள்வி தோற்பதில்லை என்பதற்கு இது சான்று.

1986இல் கெம்ப்டன் திடலில் பயிற்சி நிலையிலுள்ள இளம் பெண் ஜாக்கிகளுக்கென்றே ஒரு பந்தயம் அவர் பெயரால், அவருடைய பொருளுதவியால் தொடங்கப்பட்டது. தமக்கு எழுபது வயதுக்கு மேல் கிடைத்தது, இவர்களுக்குப் பதினெட்டிலும் இருபதிலும் கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம் போலும். 94ஆம் பிறந்தநாள் கண்ட நான்காம் நாள், 1988 அக்டோபர் 30இல், சசெக்ஸில் தம் இல்லத்தில் அம்மையார் மறைந்தார்.

நண்பர்களே, எங்கோ இங்கிலாந்தில், செல்வர் வீட்டில் பிறந்து குதிரை வளர்த்த ஒரு சீமாட்டியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டுக் கர்னீலியா சொராப்ஜியை எண்ணிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1892இல் சட்டத் தேர்வு எழுதி முடித்தவருக்கு, பட்டம் கிடைத்தது 1922இல். வழக்கறிஞர் தொழிலைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட சட்டம் வந்தது 1923இல். அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். நம் ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து தீனி வைப்பவள் தாய். சாணி அள்ளுபவள் தாய். பால் கறப்பவள் தாய். மாட்டுக்கு நோய் என்றால் முதலில் கண்டறிபவளும் தாயே. பால் சங்கத்தின் புத்தகத்தில் இருப்பது யார் பெயர்? நாற்று நட்டுக் களை பறிப்பவள் மனைவி. நிலத்தின் பட்டா யார் பெயரில்? இவை நம் வீட்டுத் தலைமை லாயக்காரர் லைசென்ஸ்கள் அல்லவா? நம் வீட்டிலே நடப்பதால் நாம் நகைப்பதில்லை, அவ்வளவே வேறுபாடு.

பெயரில் என்ன இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெயரில்தான் கடன் கிடைக்கிறது; பெயரில்தான் வேலை கிடைக்கிறது; பெயரில்தான் அடுத்த தலைமுறைப் பெண் தன்னாலும் முடியும் என்று அறிந்துகொள்கிறாள். பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லாவிட்டால், பெண்களால் இது ஆகாது என்பதற்கு அப்பதிவேட்டையே சான்று காட்டுவார்கள். செய்ய விடாமல் தடுப்பது ஓர் அநீதி. செய்ததை மறைப்பது அதனினும் பெரிய அநீதி.

நம்மிலே பலர் நாளை ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் ஹெப்பாளின் தொழிற்சாலைகளிலும் பணியேற்கப் போகிறவர்கள். அங்கே அறிக்கையில் பெயர் எழுதும் பேனா ஒருநாள் நம் கைக்கு வரும். அன்று, இந்த வேலையை உண்மையில் செய்தவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரை எழுதுவோமாக. நம் பெயரே விடுபட்டுப் போனாலோ, ஏன் என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கேட்பதற்கு வயது தடையன்று. பதில் வர இருபது ஆண்டு ஆயினும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நேகிள் அம்மையார் செய்தது அவ்வளவே.